வலிக்கு டெஸ்ட் வைக்கிறாங்களாம், காக்காவுக்கு என்ன சொல்லி அனுப்புறது?

கீழக்கரை_தம்பி
செவ்வாய், இரவு 10:52

எல்லாருக்கும் சலாம், வணக்கம். பெரிய பதிவா போகும், பொறுத்துக்கங்க, பாதியச் சொன்னா விளங்காது.

எங்க பெரிய காக்கா (மூத்த அண்ணன்) டெக்சாஸ்ல ஒரு கம்பெனி குடோன்ல சூப்பர்வைசரா இருந்தாக. முந்துன வருசம் வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்து இடுப்புல டிஸ்க் பிதுங்கி ஆபரேசன் ஆச்சு, ஸ்கேன்ல எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு, ஆனா வலி மட்டும் போன பாடில்ல. ஒரு கால் மணி நேரம் சேர்ந்தாப்புல உக்காந்தா இடது கால்ல கரண்டு அடிச்ச மாதிரி இறங்குதாம். கம்பெனி போட்டு வச்சிருந்த லாங் டெர்ம் டிசபிலிட்டி இன்சூரன்ஸ்ல (உடம்பு முடியாம ரொம்ப நாள் வேலைக்குப் போகலன்னா குடுக்குறது) சம்பளத்துல 60 சதவீதம் மாசாமாசம் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதுலதான் வீட்டு வாடகை, பிள்ளைங்க படிப்பு எல்லாம்.

இப்ப 22வது மாசம். ஒரு லெட்டர் வந்துருக்கு. "ஃபங்ஷனல் கெப்பாசிட்டி எவால்யுவேஷன்" எடுக்கணும், இன்ன தேதி இன்ன இடத்துக்கு வாங்க, நாலு மணி நேரம் ஆகும், தளர்வான உடுப்பு போட்டுட்டு வாங்கன்னு. எம்புட்டு தூக்க முடியும், எம்புட்டு நேரம் உக்கார நிக்க முடியும்னு அளந்து பாப்பாங்களாம்.

என் கேள்வி ஒன்னுதான். காக்கா பல்லக் கடிச்சுக்கிட்டு முழு பலத்தையும் காட்டுனா "இவன் நல்லாத்தான் இருக்கான்"னு காச நிறுத்திருவாங்க. வலிக்குதுன்னு பாதியில நிறுத்துனா "நடிக்கிறான்"னு எழுதிருவாங்க. எந்தப் பக்கம் போனாலும் அடின்னா என்னதான் செய்யுறது? உம்மா (அம்மா) ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துக்கிட்டு இருக்கு, நான் இங்க வந்து கேக்குறேன்.

கச்சான்_காத்து
செவ்வாய், இரவு 11:20

தம்பி கோவிச்சுக்கிறாதீங்க, மனசுல பட்டதச் சொல்றேன். நாலு மணி நேரம் ஒரு டெஸ்டுக்குப் போய் உக்காந்து எந்திரிச்சு வர முடியுதுன்னா உக்காந்து பாக்குற வேலை ஏதாச்சும் பாக்கலாம்ல? எனக்கு ராமேஸ்வரத்துல ஒரு விசைப்படகு ஓடுது. நம்ம போட்ல ஒருத்தன் இடுப்பு வலின்னு மூணு மாசம் கடலுக்கு வரல, நானும் பாவம்னு கை செலவுக்குக் குடுத்தேன், கடைசியில பாத்தா தங்கச்சி கல்யாணத்துல சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு பந்தி பரிமாறுறான். காசு குடுக்குறவன் ஒரு தடவ சோதிச்சுப் பாக்கத்தான் செய்வான்.

நம்புதாளை_டு_நியூஜெர்சி
புதன், காலை 6:05

தம்பி, நான் இத ரெண்டு வருசம் முன்ன அனுபவிச்சவன். கழுத்து வலி, கை மரத்துப் போறது. மொதல்ல அந்த 22வது மாசம்ங்கிறதக் கவனிங்க, சும்மா வந்த லெட்டர் இல்ல அது. இந்த ஊர் பாலிசி நிறையாத்துல மொத 24 மாசம் "உன் வேலைய உன்னால பாக்க முடியலையா"ன்னுதான் கேப்பாங்க. 24 தாண்டுனா கேள்வியே மாறிரும், "எந்த வேலையாச்சும் பாக்க முடியுமா"ன்னு. குடோன் சூப்பர்வைசர் வேலை முடியலன்னா போதும்னு இருந்தது போய், டிக்கட் கிழிக்கிற வேலை கூட முடியாதுன்னு காட்டணும். அந்த மாத்தத்துக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடி இந்த டெஸ்ட் வைக்கிறது வழக்கம். பாலிசியில அந்த வரி என்னண்டு எழுதியிருக்குன்னு காக்காவ எடுத்துப் பாக்கச் சொல்லுங்க.

அடுத்தது, டெஸ்ட் ரூமுக்குள்ளதான் நடக்குதுன்னு நெனைக்காதீங்க. நான் கார்ல இருந்து எப்படி இறங்குனேன், பைய எந்தத் தோள்ல போட்டிருந்தேன், ஃபாரம் நிரப்புறப்ப எத்தன நிமிசம் அசையாம உக்காந்தேன், பேனா கீழ விழுந்தப்ப குனிஞ்சேனா இல்ல முட்டிய மடக்குனேனா, எல்லாமே ரிப்போர்ட்ல இருந்துச்சு. பேனா விழுந்தத நானே மறந்துட்டேன், அவங்க மறக்கல.

இன்னொன்னு, டெஸ்டுக்கு முந்தியும் பிந்தியும் சில கம்பெனி ஆள் வச்சு வீடியோ எடுக்கும், பேஸ்புக்ல பாக்கும். ஒளிச்சு வாழச் சொல்லல, உள்ளது உள்ளபடி இருந்தா பயம் இல்ல. ஃபாரம்ல "நான் பால் பாக்கெட் கூடத் தூக்க மாட்டேன்"னு எழுதிட்டு வெளிய அரிசி மூட்டையோட நின்னாத்தான் வம்பு.

பிசியோ_அக்கா_ராம்நாடு
புதன், மதியம் 2:31

லீவு நேரத்துல படிச்சேன். நான் துபாய்ல ஒரு ரிஹாப் சென்டர்ல நாலு வருசம் இருந்தப்ப இந்த டெஸ்ட நானே எடுத்துருக்கேன், அதனால மேசைக்கு அந்தப் பக்கம் நிக்குறவளா பேசுறேன். கொஞ்சம் நீளும்.

போன உடனே கேள்வித்தாள் குடுப்பாங்க. ஆஸ்வெஸ்ட்ரின்னு ஒன்னு இருக்கு, 1980ல இருந்து இடுப்பு வலிக்குப் பயன்படுறது, பத்துக் கேள்வி, தூக்குறது நடக்குறது உக்காருறது தூங்குறதுன்னு, ஒவ்வொன்னுக்கும் 0ல இருந்து 5. அதுக்கப்புறம் நாடி, பிரஷர். அப்புறம்தான் பெட்டி.

தூக்குற டெஸ்ட்ல பல வகை இருக்கு, ஒரு பழைய வகையச் சொல்றேன், அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு பெட்டி, தரையில இருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கணும். ஆம்பளைக்கு 13 பவுண்டுல ஆரம்பம், அதாவது ஆறு கிலோ சுமார். 20 செகண்டுல நாலு தடவ. முடிஞ்சா இன்னொரு 10 பவுண்டு. திரும்ப 20 செகண்டுல நாலு தடவ. இப்படியே ஏத்திக்கிட்டே போவாங்க. நிறுத்துறதுக்கு மூணு காரணந்தான், ஒன்னு ஆளே போதும்னு சொல்லணும், இல்ல நாடித்துடிப்பு வயசுக்கு உண்டான உச்சத்துல 85 சதவீதத்தத் தொடணும், இல்ல உடம்பு எடையில பாதிக்கு மேல போயி பாதுகாப்பு அளவத் தாண்டணும். இந்த மூணுல எதுனால நின்னுச்சுங்கிறதுதான் முக்கியமான எழுத்து. 23 பவுண்டுல "போதும்"னு சொன்ன ஆளுக்கு நாடி 78லயே இருந்தா, பாக்குறவருக்கு ஒரு கேள்வி வரும். நாடி 78ல இருந்து 120க்குப் போயி, முகம் வேர்த்து, முதுகு நடுங்கி, பிடி நழுவி நின்னா அது வேற கதை.

இங்க ஒரு முக்கியமான விசயம். உங்க காக்கா பிரஷருக்கோ படபடப்புக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுறாகளா? சாப்பிட்டா எம்புட்டு கஷ்டப்பட்டாலும் நாடி ஏறாது. சொல்லலன்னா "முயற்சியே பண்ணல"ன்னு எழுதிருவாங்க. எல்லா மாத்திரையோட பேரும் ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. டெஸ்ட் அன்னைக்கு மாத்திரைய நிறுத்தவும் வேணாம், கூட்டவும் வேணாம், எப்பவும் போல.

அப்புறம் கைப்பிடி. அழுத்துற கருவி ஒன்னு, அஞ்சு அளவுல பிடிய மாத்தலாம். நடு அளவுல பலம் கூடி, ரெண்டு ஓரத்துலயும் குறையும், படம் போட்டா மணி கவுத்த மாதிரி வரும். வேணும்னு குறைச்சு அழுத்துறவங்களுக்கு அஞ்சும் ஒரே மட்டமா தட்டையா வரும், அப்படின்னு கணக்கு. மூணு தடவ அழுத்தி மூணுக்கும் எம்புட்டு வித்தியாசம்னும் பாப்பாங்க. இதுலயும் சூது இருக்கு, கை வலி உள்ளவங்களுக்கும் சில சமயம் தட்டையாத்தான் வரும். அளவு ஒரு துப்பு, தீர்ப்பு இல்ல.

வாடெல் அடையாளங்கள்னு இன்னொன்னு. கார்டன் வாடெல்னு ஒரு எலும்பு டாக்டர் 1980ல எழுதுனது. தலை உச்சியில லேசா அழுத்துறப்ப இடுப்பு வலிக்குதா, மொத்த உடம்பையும் ஒன்னா திருப்புறப்ப வலிக்குதா, பேச்சுக் குடுத்துக்கிட்டே கால நீட்டச் சொன்னா வருதா, இப்படி. இத வச்சு "நடிக்கிறான்"னு முத்திரை குத்துறது ரொம்ப காலமா நடக்குது. அந்த வாடெலே 1998ல இன்னொருத்தரோட சேர்ந்து, இது நடிப்பக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல, மனசையும் சேத்துப் பாக்க வேண்டிய ஆளுங்கன்னு காட்டுறதுதான்னு எழுதுனாரு. எழுதி என்ன, இன்னமும் குத்துறாங்க.

கடைசியில உங்களுக்கு ஒரு வகுப்பு போட்டுருவாங்க. அமெரிக்காவுல தொழில் அகராதின்னு ஒன்னு, கடைசியா 1991ல திருத்துனது. எப்பயாச்சும் 10 பவுண்டு வரைக்கும் தூக்கி, பெரும்பாலும் உக்காந்து பாக்குறது ஒரு வகுப்பு. 20 பவுண்டு லேசான வேலை. 50 நடுத்தரம். 100 கனம். காக்கா 20 பவுண்டு தூக்கிட்டாகன்னா லேசான வேலைக்கு லாயக்குன்னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னாடிதான் இந்த நாலு மணி நேரமும்.

கச்சான் அண்ணே, நீங்க கேட்டது நியாயமான கேள்விதான். ஆனா சாம்பார் வாளியப் பாத்தீங்க, மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?

கச்சான்_காத்து
புதன், மாலை 5:48

நான் ஏன் போகணும். எனக்கு மறுநாளும் ஆள் வேணும், அதுதான் என் கணக்கு.

பிசியோ_அக்கா_ராம்நாடு
புதன், மாலை 6:02

அதத்தானே அண்ணே நானும் சொல்றேன். வேலைன்னா மறுநாளும் வரணும். இந்த டெஸ்ட்ல பெரும்பாலும் இல்லாத கேள்வியே அதுதான்.

சின்னப்பாலம்_மக
புதன், இரவு 8:15

எங்க அம்மா பாம்பன்ல கடல்பாசி எடுக்கப் போறவங்க. அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுனேன், சொல்லச் சொல்ல டைப் பண்றேன், அவங்க பேச்சு அப்படியே வரும்.

"தீவுப் பக்கம் வல்லத்துல போயி இறங்கி, கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி புடுங்குறது. பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சேன், இப்ப அம்பத்தி நாலு. தண்ணிக்குள்ள இருக்கையில வலி தெரியாது, தண்ணி தாங்கிக்கும். அன்னைக்கு என்னைப் பாத்தா யாரும் இவளுக்கு இடுப்பு போச்சுன்னு சொல்ல மாட்டாக. சாக்க இழுத்து வல்லத்துல போடுறப்ப கூட ஓடிரும். கரைக்கு வந்து காஞ்ச சேலைய கட்டுவேன் பாரு, அப்ப ஆரம்பிக்கும். மறுநாள் வெளிய போகணும்னாலும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான். மூணாம் நாளு கொஞ்சம் தேவலாம். நாலாம் நாளு திரும்ப வல்லம். ஒரு முகாம்ல ஊனமுற்றோர் சர்டிபிகேட்டுக்குப் போனேன், குனிங்கம்மான்னாக, குனிஞ்சேன். நிமிருங்கன்னாக, நிமிந்தேன். சரி போங்கன்னுட்டாக."

நான் அப்ப கூட இருந்தேன். ஏம்மா குனிஞ்ச, வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு வெளிய வந்து சண்டை போட்டேன். "படிச்ச பிள்ளைக்கு முன்னாடி முடியாதுன்னு நிக்க வெக்கமா இருந்துச்சு"ன்னு சொல்லுது. இதுக்கு நான் என்ன பண்ண.

பிசியோ_அக்கா_ராம்நாடு
புதன், இரவு 9:40

அம்மா சொன்னதுல பாதி மருத்துவப் புத்தகமே இருக்கு. மறுநாள், மூணாம் நாள்னு அவங்க பிரிச்சுச் சொன்னாங்க பாருங்க, அதத்தான் நாள்பட்ட வலியில முக்கியமாப் பாக்கணும். ஒரு நாள் டெஸ்ட்ல அம்மா "நடுத்தர வேலை"ன்னு பாஸ் ஆயிருவாங்க. அதனாலதான் ரெண்டு நாள் வைக்கச் சொல்றது, மொத நாள் முழுசா, மறுநாள் அதையே திரும்ப. மொத நாள் 25 பவுண்டு, மறுநாள் 10 பவுண்டுன்னா அந்த வித்தியாசமே சாட்சி. தம்பி, காக்கா டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ரெண்டு நாள் டெஸ்ட் கேக்கச் சொல்லுங்க. கேக்குறதுக்குத் தடை இல்ல, ஒத்துக்குவாங்களாங்கிறது வேற. ஒத்துக்கலன்னா, கேட்டதும் மறுத்ததும் எழுத்துல இருக்கட்டும்.

அந்த வெக்கத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம கடற்கரை ஆளுங்க எங்கிட்ட வந்தா மொத வார்த்தை "பரவால்ல". எப்படி இருக்குன்னா பரவால்ல. முட்டி வீங்கி யானைக்கால் மாதிரி இருக்கும், பரவால்ல. அங்க அந்த டெஸ்ட் எடுக்குறவங்க ஒவ்வொரு தூக்கலுக்கும் நடுவுல எப்படி இருக்குன்னு கேப்பாங்க. காக்கா மரியாதைக்கு "ஐ ஆம் ஓகே"ன்னு சொல்லுவாக, அது அப்படியே மணி நிமிசத்தோட ரிப்போர்ட்ல ஏறும், "வலி இல்லை எனத் தெரிவித்தார்"ன்னு. பரவால்லங்கிற வார்த்தைய அன்னைக்கு வீட்லயே வச்சுட்டுப் போகச் சொல்லுங்க. 0ல இருந்து 10க்குள்ள நம்பர் சொல்லணும். எங்க, எப்படி, எதுவரைக்கும் இறங்குதுன்னு சொல்லணும். அதே நேரம் எல்லாத்துக்கும் 10 சொல்லாதீங்க. சிரிச்சுப் பேசிக்கிட்டே 10ன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். முழுசா முயற்சி பண்ணணும், உண்மையான எல்லை வந்ததும் நிறுத்தணும், ஏன் நிறுத்துனேன்னு வாயால சொல்லணும். வீரமும் வேணாம், சினிமாவும் வேணாம். பயத்துல முன்னாடியே நிறுத்துறது நடிப்பு இல்லதான், ஆனா பேப்பர்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால பயமா இருந்தா பயமா இருக்குன்னே சொல்லிரணும்.

கீழக்கரை_தம்பி
புதன், இரவு 10:11

லாத்தா (அக்கா), கண்ணு கலங்கிருச்சு. நேத்து வீடியோ கால்ல கூட உம்மா கேட்டதுக்கு காக்கா பரவால்லம்மான்னுதான் சொன்னாக, பக்கத்துல மதினி முகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிச்சு.

குமாஸ்தா_கேணிக்கரை
வியாழன், காலை 11:26

வக்கீல் ஆபீஸ்ல முப்பது வருசமா இருக்கேன். அமெரிக்கா கதை எனக்குத் தெரியாது, நம்ம ஊர் ஆளுகளும் படிக்கிறாக அதனால இங்க எப்படின்னு சொல்லிடுறேன்.

ஆக்சிடன்ட் நஷ்டஈட்டுக் கேஸ்ல டாக்டர் ஊனம் எம்புட்டுன்னு ஒரு சதவீதம் குடுப்பாரு. அந்த சதவீதமும் வருமானம் போன சதவீதமும் ஒன்னு இல்ல. 2010 அக்டோபர்ல ராஜ்குமார் எதிர் அஜய்குமார்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, இன்னைக்கும் ட்ரிப்யூனல்ல தினம் அடிபடுற தீர்ப்பு. அதுல ஒரு உதாரணம், இடது கை போச்சுன்னா டாக்டர் கணக்குல 60 சதவீதம் ஊனம். அந்த ஆளு டிரைவரோ தச்சரோன்னா வருமானம் கிட்டத்தட்ட 100 சதவீதமும் போச்சு. அதே ஆளு கவர்மென்ட் குமாஸ்தான்னா வேலையே போகாமலும் இருக்கலாம். அதனால மொதல்ல இந்த ஆளால இப்ப என்ன செய்ய முடியும் என்ன முடியாது, அப்புறம் முன்னாடி என்ன வேலை பாத்தான், அப்புறம் அதே வேலையோ வேற வேலையோ பாத்துப் பொழைக்க முடியுமான்னு படிப்படியாப் பாக்கச் சொல்லிருக்கு. 1975லயே ஒரு தச்சரு கேஸ்ல, முழங்கைக்கு மேல கை போனவருக்கு, ஒத்தக் கையால தச்சு வேலை ஆகாதுன்னு 100 சதவீதம்னு ஒத்துக்கிட்டாக.

கச்சான் தம்பிக்கும் அந்தத் தீர்ப்புலயே பங்கு இருக்கு. வைத்தியமே பாக்காத சில டாக்டர்கள் தாராளமா சர்டிபிகேட் குடுக்குறாங்க, உஷாரா இருங்கன்னும் அதே தீர்ப்புல எழுதியிருக்கு. நானே பாத்திருக்கேன். ஒரே டாக்டரு, ஒரே மாசம், பதினாறு பேருக்கு ஒரே சதவீதம். அந்தப் பதினாறுல உண்மையான மூணு பேரும் சேந்து அடிபட்டுப் போனாக.

சின்னப்பாலம் பொண்ணுக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை. வலிக்குன்னு தனியா ஒரு வகை அந்த 21ல இல்ல. எலும்பு, மூட்டு, நரம்புல என்ன பாதிப்புன்னு காட்டி அந்த வழியாத்தான் போகணும். அதுக்கு ஸ்கேன், நரம்பு டெஸ்ட், வைத்தியம் பாத்த சீட்டு எல்லாம் சேத்து வைக்கணும். சும்மா போயி குனிஞ்சு நிமிந்தா ஆகாது தாயி.

நம்புதாளை_டு_நியூஜெர்சி
வியாழன், மாலை 4:50

குமாஸ்தா அண்ணே சொன்ன அந்த 'முன்னாடி என்ன வேலை பாத்தான்'ங்கிறதுதான் இங்க 24 மாசத்துக்கு அப்புறம் காணாமப் போகுது, அதான் வித்தியாசம். இங்க அரசாங்க டிசபிலிட்டி வேற, அங்க "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள், தொடர்ந்து"ன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. தொடர்ந்துங்கிற அந்த வார்த்தைய காக்கா டாக்டர் லெட்டர்ல எழுதச் சொல்லுங்க. "20 பவுண்டு தூக்க முடியாது"ன்னு எழுதுறத விட "ஒரு தடவ தூக்கலாம், தூக்குனா அடுத்த ரெண்டு நாள் படுக்கணும், மாசத்துல இத்தன நாள் வேலைக்கு வர இயலாது"ன்னு எழுதுனா கனம் கூட.

கம்பெனி மூலமா வந்த பாலிசின்னா, ஒருவேளை மறுத்துட்டாங்கன்னா, அப்பீலுக்கு 180 நாள். அவங்க கையில இருக்குற ஃபைல் முழுக்க இலவசமாக் கேட்டு வாங்கலாம், டெஸ்ட் எடுத்தவங்க கையால எழுதுன தாள், நாடிக் கணக்கு எல்லாம் சேத்துக் கேளுங்க. எனக்கு ரிப்போர்ட் முடிவுல "முயற்சி போதாது"ன்னு இருந்துச்சு, உள்ள தாளப் பாத்தா நாடி 74ல இருந்து 131க்குப் போயிருக்கு. வக்கீல் அதை மட்டும் வச்சுத்தான் பேசுனாரு.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்க. தினம் நாலு வரி, இலக்கியம் வேணாம். எத்தன மணிக்கு எந்திரிச்சேன், எத்தன நிமிசம் உக்காந்தேன், எப்ப படுத்தேன், என்ன மாத்திரை. டெஸ்ட் அன்னைக்கு ராத்திரியும் அடுத்த மூணு நாளும் கண்டிப்பா. முடிஞ்சா மறுநாளே டாக்டரப் பாத்து அவர் சீட்டுலயும் ஏத்திரணும்.

வாலிநோக்கம்_உப்பு
வியாழன், இரவு 7:33

உப்பளத்துல வேலை பாத்த எங்க அப்பாவுக்கு ஸ்கேன்ல ஒன்னுமே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க அக்கா. ஸ்கேன்ல இல்லாத வலின்னு ஒன்னு உண்டா, இல்ல மனசுதானா? ஊர்ல எல்லாம் மனசுன்னு சொல்றாங்க, அப்பாவே இப்ப நம்ப ஆரம்பிச்சுட்டாரு.

பிசியோ_அக்கா_ராம்நாடு
வியாழன், இரவு 9:05

உண்டு. மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா நாள்பட்ட வலின்னு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு, அதுல நாள்பட்ட வலிக்குத் தனி இடமே குடுத்துட்டாங்க, இன்னொரு நோயோட அறிகுறியா மட்டும் இல்லாம வலியே நோயா. காயம் ஆறுன பிறகும் நரம்பு எச்சரிக்கை மணிய நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருக்குறது. தீ அணைஞ்ச பிறகும் சைரன் ஊதுற மாதிரி. சைரன் பொய்யா ஊதல, நெசமாவே ஊதுது. அப்பாகிட்ட அதச் சொல்லுங்க. தூக்கம் இல்லாம, கவலையில வலி கூடும், அது உண்மை, அதுக்காக வலி கற்பனைன்னு ஆகாது. அதே மாதிரி ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கி இருந்தும் ஒரு வலியும் இல்லாம நடமாடுற ஆளுங்களும் நிறைய. படத்துக்கும் வலிக்கும் அம்புட்டுத்தான் உறவு. அப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்.

கச்சான்_காத்து
வெள்ளி, காலை 5:58

அந்தப் பையன் வீட்டுப் பக்கம் நான் போகலங்கிறது வாஸ்தவம். அதுக்காக அவன் நடிக்கலன்னும் நான் சொல்ல மாட்டேன். இன்னைக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்குற நாளு இல்ல, போயி ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்.

கீழக்கரை_தம்பி
24 நாள் கழிச்சு, இரவு 11:37

சலாம் எல்லாருக்கும். டெஸ்ட் முடிஞ்சுருச்சு, இன்னைக்கு ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு, அதான் வந்தேன்.

டாக்டர் லெட்டர் குடுத்ததுல ரெண்டு நாள் டெஸ்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. மொத நாள் காக்கா தரையில இருந்து 23 பவுண்டு தூக்குனாக, 33 வச்சப்ப இடது கால் நடுங்கி டெஸ்ட் எடுத்த அம்மாவே நிறுத்திருச்சு, காக்கா நிறுத்தல. நாடி 126. பீட்டா பிளாக்கர் இல்ல, கேட்டுட்டேன் லாத்தா. மாத்திரைச் சீட்டு குடுத்தாக. எப்படி இருக்குன்னு மொத தடவ கேட்டப்ப வாய் தவறி ஓகேன்னுட்டாகளாம், ரெண்டாவது தடவ "ஆறு, இடது பின்பக்கம், முட்டி வரைக்கும்"னு சொன்னாகளாம். அத மதினி சொல்லிச் சிரிச்சுச்சு, ரொம்ப நாளைக்கு அப்புறம் அது சிரிச்சு இப்பத்தான் கேட்டேன்.

அன்னைக்கு ராத்திரி குளிக்கிற தொட்டியில சுடுதண்ணிய விட்டு அதுலயே உக்காந்திருந்தாகளாம். மறுநாள் காலையில ஷூ லேஸ் கட்ட முடியாம மகன் கட்டி விட்டு, அந்த மகன்தான் கார் ஓட்டிக்கிட்டுப் போனான். ரெண்டாம் நாள் 13 பவுண்டோட சரி. உக்காந்தது 17 நிமிசம், மொத நாள் 31. ரிப்போர்ட்ல "மொத நாள் லேசான வேலை அளவு, ரெண்டாம் நாள் அந்த அளவ நிலைநிறுத்த இயலவில்லை, முயற்சி சீராக இருந்தது"ன்னு இருக்கு. நடிப்புங்கிற மாதிரி ஒரு வார்த்தையும் இல்ல. இன்சூரன்ஸ் முடிவு இன்னும் வரல, அது எப்படி வரும்னு தெரியல, மறுத்தா 180 நாள்னு காலண்டர்ல குறிச்சு வச்சாச்சு.

நம்புதாளை_டு_நியூஜெர்சி
மறுநாள், காலை 6:20

"முயற்சி சீராக இருந்தது", இந்த ஒரு வரிக்கு நான் ஒன்றரை வருசம் அலைஞ்சேன் தம்பி. ரிப்போர்ட்ட டாக்டருக்கும் ஒரு காப்பி அனுப்பி, ஒத்துக்கிறேன்னு ஒரு வரி எழுதி வாங்கிருங்க. நோட்ட நிறுத்த வேணாம்.

சின்னப்பாலம்_மக
மறுநாள், மாலை 6:44

காக்காவுக்கு நல்லது நடக்கட்டும். பிசியோ அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். அந்த நோட்டு விசயம் அம்மாவுக்கும் ஆகுமா? அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் மண்டபத்துல வேலைக்குப் போயிருவேன், தினமும் உக்காந்து எழுத முடியல. அதனால அம்மா தானே ஒரு வழி பண்ணிருச்சு. தேதி கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல, கிழிச்ச சீட்டுக்குப் பின்னாடி கோடு போடுது. பாசிக்குப் போன நாளுக்கு ஒரு வட்டம். தண்ணிக் குடம் தூக்க முடிஞ்சா ஒரு கோடு, முடியலன்னா கோடு இல்ல. சுவரைப் பிடிச்சு நடந்தா ஒரு புள்ளி. இதெல்லாம் டாக்டர்கிட்ட காட்டுனா சிரிப்பாங்களா?

பிசியோ_அக்கா_ராம்நாடு
மறுநாள், இரவு 8:10

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அதுல தேதி அச்சடிச்சே இருக்கு, அம்மா கைப்பட போட்ட குறி இருக்கு. ரெண்டு மாசச் சீட்டு சேத்து, கூட ஸ்கேனும் பழைய சீட்டுகளும் எடுத்துக்கிட்டு என்கிட்ட வாங்க, வட்டத்துக்கு அடுத்த நாள் எத்தன புள்ளின்னு எண்ணி நானே ஒரு தாள்ல எழுதித் தர்றேன். எந்தச் சீட்டையும் தூக்கிப் போட்டுறாதீங்க.

சின்னப்பாலம்_மக
மறுநாள், இரவு 8:32

ஐயோ அக்கா, போன வாரத்துச் சீட்டையெல்லாம் அம்மா அடுப்புப் பத்த வச்சுருச்சு. இப்பத்தான் சண்டை போட்டேன். பழைய பிஸ்கட் டின் ஒன்னு இருக்கு, இன்னைல இருந்து அதுல போட்டு வைக்கிறோம்.